கேட்காமல் காட்டிய மலை

அக்டோபர் 7, புதன்

இன்றைக்குக் கடைசியாக வந்தது ஒரு கைக்குழந்தை. கதவைப் படாரென்று சாத்தினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று அதன் அம்மா பயந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். எங்கள் பரிசோதனை அறைக்குள் வெளிச் சத்தம் எதுவும் வராது. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, ஜன்னல் கிடையாது, கதவைத் தள்ளவே தோள் கொடுக்க வேண்டும். குழந்தை தூங்கினால்தான் காதுக்குள் கருவியை வைத்துப் பார்க்க முடியும். அது தூங்கும்வரை நானும் அந்தப் பெண்ணும் ஊமைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். காது நன்றாகவே கேட்கிறது. "இனிமே வீட்ல பாத்துப் பேசுங்க, எல்லாம் காதுல விழுது" என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் அழுதுவிட்டாள்.

அப்புறம் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். எங்கள் ஆஸ்பத்திரியில் பிறக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் வீட்டுக்குப் போகுமுன்பே காது பார்க்கத் தனிப் பிரிவு தொடங்கப் போகிறார்களாம். நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய் விட்டுவிட்ட விஷயம். "நீங்கதான் பொறுப்பு எடுத்துக்கணும். டூர் போய்ட்டு வந்து பத்தொன்பதாம் தேதி திங்கக்கிழமை பதில் சொல்லுங்க, போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் இவரிடம் சொன்னேன். டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நல்லதுதான். முதல்ல டூர் முடியட்டும். அங்க போய் நிதானமாப் பேசலாம்" என்றார். மறுபடி டிவியைப் போட்டார்.

துள்ளிக் குதிப்பார் என்று நான் எதிர்பார்த்தது என் தப்போ?

அக்டோபர் 9, வெள்ளி

இவர் ஆபீசிலிருந்து பெட்டி நிறையக் கேக் கொண்டுவந்தார். யாருக்கோ பிறந்தநாளாம். எங்கள் பெண் குட்டியும் நானும் ஒரே மூச்சில் காலி செய்தோம்.

அக்டோபர் 10, சனி

கிளம்பியாயிற்று. குட்டிக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அக்கா வீட்டில் விட்டோம். பதினோரு வயதில் இவ்வளவு பெரிய மனுஷித்தனமா! "அம்மா, தினமும் உனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எதுன்னு எழுதி வை. வந்ததும் எனக்குப் படிச்சுக் காட்டணும்" என்றாள். அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்துச் சிரித்தாள். அப்பாவும் பெண்ணும் எப்போதும் ஒரு கட்சி.

இவர் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரில் பாதிக் கட்டடம் ஏறி இறங்குவது இவர் தயவில்தான். டூரையும் லிஃப்ட் மாதிரியே திட்டம் போட்டிருக்கிறார்: எந்தெந்த மாடியில் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. மதியம் எங்கே சாப்பாடு என்றால், "நீ சும்மா உக்காந்து வேடிக்கை பாரு." நான் கொஞ்ச தூரம் ஓட்டட்டுமா என்றால், "மலைப் பாதை, உனக்குப் பழக்கமில்லை. வேடிக்கை பாரு." லைசென்ஸ் என் பைக்குள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் நிறுத்தம் ஏரி. மிதி படகில் இவர் மிதித்தார், நானும் மிதித்தேன், திருப்பும் கம்பி மட்டும் இவர் கையில். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பிடித்த இடம்: ஏரிதான். குறை சொல்ல எதுவுமில்லை.

அக்டோபர் 11, ஞாயிறு

மலையின் விளிம்பில் கம்பி வேலி போட்ட காட்சிமுனை. கீழே மேகம், மேகத்துக்குள் ஓட்டை விழுந்த இடத்தில் ஒரு ஊர். கார்களெல்லாம் எறும்பு. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள், நானும்தான்.

"இங்கயே இருந்துட்டா எப்படி இருக்கும்?" என்று இவர் கேட்டார்.

"சூப்பரா இருக்கும்" என்றேன். டூர் வந்த இடத்தில் எல்லாரும் சொல்வதுதானே.

என் தோளில் கை போட்டார். வெகு நேரம் எடுக்கவே இல்லை. அவருக்கு என்னவோ சந்தோஷம்.

அக்டோபர் 12, திங்கள்

அருவிக்குப் போனோம். சத்தமென்றால் அப்படியொரு சத்தம். இவர் பேசுவது வாயசைவில் மட்டும் தெரிந்தது.

ஒன்று கவனித்தேன். தங்குகிற இடத்திலெல்லாம் இவர் முதலாளியைத் தேடிப் போய்ப் பேசுகிறார். சீசன் எப்போது, வெந்நீருக்கு என்ன வழி, போர்வையெல்லாம் எங்கே துவைக்கப் போடுகிறீர்கள். நேற்று இரவு தங்கிய இடத்தில் குளியலறைக் குழாயைத் திறந்து திறந்து மூடினார். "என்ன, விலைக்கு வாங்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். சிரிக்கவில்லை. காது சிவந்தது.

பிடித்த இடம்: பெட்ரோல் பங்குக்குப் பின்னால் இருந்த கழிப்பறை. குட்டி சிரிப்பாள். உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். வெளியிலிருந்து யாரும் "அங்க பாரு, அங்க பாரு" என்று சொல்லவில்லை.

அக்டோபர் 13, செவ்வாய்

மொட்டையின் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். மொட்டை, இவருடைய காலேஜ் நண்பர். தலை நிறைய முடி. எப்போதோ பந்தயத்தில் தோற்று வழித்துக்கொண்டாராம், முடி வளர்ந்த பிறகும் பெயர் போகவில்லை. மலையின் இடுப்பில் தனியாக ஒரு வீடு, ஆறு அறை, சுற்றிலும் மரம். கிளம்பும்போதே தூறல், வந்து சேர்வதற்குள் கொட்டுகிற மழை. "வாங்க வாங்க. வீடு பிடிச்சிருக்கா?" என்று மொட்டை இரண்டு தடவை கேட்டார்.

கை கழுவச் சமையலறைக்குப் போனேன். அங்கே சமையல் செய்கிற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நல்ல முகம்.

"மேல் ரூமுக்கு உங்களுக்காகத்தாம்மா புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கு. சமையக்கட்டையும் நீங்க வரதுக்குள்ள மாத்தணும்னு உங்க சார் போன்ல சொன்னார். அடுப்பு எந்தப் பக்கம் இருந்தா உங்களுக்குத் தோது?"

"நாங்க ரெண்டு நாள் தங்கத்தான் வந்திருக்கோம்" என்றேன்.

"இப்ப ரெண்டு நாள். ஜனவரியில வந்துட்டா இங்கதானே?"

குழாயை மூடாமல் நின்றேன். அந்த அம்மாதான் மூடினார்.

இதை மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெயிண்ட் வாசனை போகவில்லை. கீழே இவரும் மொட்டையும் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்கிறது. அந்தக் காட்சிமுனையில நான் சொன்னேனே, சூப்பரா இருக்கும்னு. அதுதான் சம்மதமா? அதுதான் பேச்சுவார்த்தையா? கண்ணைக் கட்டி இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து, கட்டு அவிழ்த்ததும் கைதட்டணுமா நான்?

அக்டோபர் 14, புதன்

காலையில் பேசினோம். மொட்டை கீழே ஊருக்குப் போய்விட்டார். தாழ்வாரத்தில் இரண்டு பிரம்பு நாற்காலி, எதிரே மலை, மலைக்கு முன்னால் மழை.

"சமையலம்மா சொல்லிட்டாங்களா?" என்றார். "நாளைக்கு உச்சிக்குக் கூட்டிட்டுப் போய் நானே சொல்லலாம்னு இருந்தேன்."

"எதை?"

மொட்டைக்கு இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையாம். இவர் பங்குக்குச் சேர்ந்து இங்கேயே இருந்து நடத்துவதாகப் பேச்சு. குட்டிக்குக் கீழ் ஊரில் பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, ஜனவரியில் சேர்த்துக்கொள்வார்களாம். இவர் வேலையை விட்டாயிற்று. போன வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை. அந்தக் கேக். வழியனுப்பு விழாக் கேக்கை நான் விரலை நக்கி நக்கித் தின்றிருக்கிறேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்பே. நேர்ல பாத்தா பிடிச்சுப்போகும்னு நினைச்சேன். பிடிக்கலையா? பொய் சொல்லாம சொல்லு, இந்த இடம் பிடிக்கலையா?"

பிடித்திருக்கிறது. அதுதான் என் வாயை அடைத்தது.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "பத்தொன்பது வருஷமா லிஃப்ட் குழிக்குள்ள நிக்கிறேன். கிரீஸ் நாத்தம், தலைக்கு மேல கூண்டு தொங்கும். போன மே மாசம் கரண்ட் போய், கூண்டுக்கும் சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டேன். கை காலை அசைக்க முடியல. ஆள் வந்து எடுக்கறதுக்குள்ள உங்க ரெண்டு பேர் முகம்கூட மறந்துபோச்சு எனக்கு. மூச்சு விடறது மட்டும்தான் ஞாபகம். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

மே மாதம். நான் பக்கத்தில்தானே படுத்திருந்தேன்?

"ஏன் சொல்லலை?"

"நீ பயந்துடுவே." அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் ஜன்னல் இல்லாத ரூம்லதானே அடைஞ்சு கிடக்கே. உன்னையும் சேத்துத்தான் வெளிய கொண்டாந்தேன்" என்றார்.

"நான் அடைஞ்சு கிடக்கேன்னு உங்ககிட்ட எப்ப சொன்னேன்?"

புரியாத பாஷையில் பேசினது மாதிரி என்னைப் பார்த்தார். நிஜமாகவே புரியவில்லை அவருக்கு.

மதியம் பின்பக்க மேட்டுக்குப் போயிருந்த இவருக்கு மொட்டையிடமிருந்து போன் வந்தது. வளைவு ஒன்றில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டதாம். அவர் கீழே, நாங்கள் மேலே. போக வர வழியில்லை.

கெட்ட மனுஷனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

அக்டோபர் 15, வியாழன்

மழை. ஜன்னல் நிறைய மலை. திரைச்சீலையை இழுத்து மூடினேன், இவர் வந்து திறந்துவிட்டார்.

அக்டோபர் 16, வெள்ளி

காலையில் மழை விட்டிருந்தது. வீட்டுக்குள் போன் எடுக்காது. பின்பக்கம் மேட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் எடுக்கும் என்று சமையலம்மா சொன்னார். சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறிப் போனேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் கொட்டித் தீர்த்தேன்.

"அக்கா?"

"எனக்குத் தெரியும்டி" என்றாள். "போன மாசமே வந்து சொன்னார். உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கையைப் பிடிச்சிக் கேட்டுக்கிட்டார். குடிக்கிறாரா, அடிக்கிறாரா? உன்னை ராணி மாதிரி வெக்கணும்னுதானே அலையறார்? மத்தவளுக்கெல்லாம் கெடைக்குமா?"

"என் வேலை?"

"அங்க ஆஸ்பத்திரியே இருக்காதா?"

போனைக் குட்டி பிடுங்கினாள். "அம்மா, பாத்துட்டியா? எனக்குத் தனி ரூம்! அப்பா போட்டோ காட்டினார். உன்கிட்ட சொல்லாம இருந்தேன் பாத்தியா, எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?" பெருமையென்றால் அவ்வளவு பெருமை. "சமத்து" என்றேன்.

தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றேன். காதும் காதும் வைத்த மாதிரி என்பார்களே, இதுதான் அது. அக்காவுக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியும், மொட்டைக்குத் தெரியும், முன்பின் தெரியாத சமையல்கார அம்மாவுக்குத் தெரியும். காது பார்க்கிறவளுக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை. யாருமே எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்பதுதான் மூச்சு முட்டுகிறது. எல்லாரும் அன்பாகக் கூடி நின்று கதவை வெளியே தாழ் போட்டிருக்கிறார்கள். தட்டினால்கூட "உனக்குத்தானே" என்பார்கள்.

இவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. சுவருக்கும் கூண்டுக்கும் நடுவில் அவர் நின்றதை நினைத்தால் திட்ட வந்த வார்த்தை பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால், அவர் வெளியே வருவதற்கு நான் உள்ளே போகணுமா?

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன்.

"மேடம், அந்தப் பிரிவு... நான் எடுத்துக்கிறேன்."

"டூர்லயிருந்தா பேசறீங்க? வீட்ல கேட்டுக்கிட்டீங்களா?"

"இல்ல மேடம்" என்றேன். "கேக்கலை."

பிடித்த இடம்: தண்ணீர்த் தொட்டி.

அக்டோபர் 17, சனி

சொல்லிவிட்டேன். காலைத் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"நான் வரலை. டாக்டரம்மாகிட்ட நேத்தே ஒத்துக்கிட்டேன். திங்கக்கிழமையிலிருந்து வேலை."

கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் என்ன பண்றது?" என்றார். சண்டைக்குக் கேட்கவில்லை. வழி தெரியாமல் கேட்டார். திரும்பி வாங்க என்று என் வாயில் வந்துவிட்டது. வந்தால் மறுபடி அந்தக் குழிக்குள்தான் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அதே மாதிரி இன்னொன்றுக்குள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இங்க இருங்க" என்றேன். "உங்களுக்கு இது வேணும். எனக்கு அது வேணும். குட்டி என்கிட்ட இருக்கட்டும்."

"அது குடும்பமா?"

"தெரியலை."

எழுந்து போய்விட்டார். சமையலறையில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி மாட்டுகிற சத்தம் கேட்டது. அது சரியான பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் பாதையை ஒரு வண்டி போகிற அகலத்துக்குத் திறந்துவிட்டார்கள். கேஸ் சிலிண்டர் வண்டியில் இறங்கிவிடுகிறேன் என்றேன். "பைத்தியமா உனக்கு?" என்று சாவியை எடுத்தார். சரிவு விழுந்த வளைவில் சிவப்பு மண் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டும்வரை நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், அவரும்தான்.

அந்தக் காட்சிமுனை வந்ததும் பழக்கத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். இறங்கிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெள்ளைப் பனி. கீழே ஊருமில்லை, மலையுமில்லை, பக்கத்தில் நிற்கிறவர் சட்டை மட்டும்தான் தெரிந்தது.

"ஒன்னும் தெரியல" என்றார்.

"ஆமா."

"கோவமா?"

"கோவம்தான். ஆனா அது மட்டும் இல்ல."

பஸ் நிலையத்தில் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து, ஜன்னல் ஓர சீட்டாகப் பார்த்து உட்காரவைத்தார். பஸ் கிளம்புகிற வரைக்கும் வெளியே நின்றார். கை ஆட்டுவதா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை.

அக்டோபர் 18, ஞாயிறு

குட்டியை அழைத்து வந்தேன். அக்கா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாடு மட்டும் கட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் குட்டி கேட்டாள், "அப்பா எப்ப வருவார்?" உள்ளதை உள்ளபடி சொன்னேன். மறைக்கிற வேலையெல்லாம் போதும் என்று தோன்றியது. கேட்டு முடித்தவள், "நீதான் எல்லாத்தையும் கெடுத்தே" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சரிதான். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தானே தெரியும்? கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். பசித்ததும் திறந்தாள்.

அக்டோபர் 19, திங்கள்

வேலைக்குப் போனேன். மூன்று குழந்தைகள், மூன்றும் நன்றாகத் தூங்கின.

நவம்பர் 8, ஞாயிறு

இவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குட்டியிடம் பேசுகிறார். தொட்டிப் பக்கம் நின்றுதான் பேசுகிறார் போலிருக்கிறது, காற்று இரைகிறது. என்னிடம் கொடு என்று கேட்பதில்லை. நானும் கேட்பதில்லை.

இன்று குட்டி போனை வைத்துவிட்டு, "அப்பா ஆம்லெட் போடக் கத்துக்கிட்டாராம்மா" என்றாள். இத்தனை வருடத்தில் வெந்நீர் வைத்தறியாத மனிதர். சமையலம்மா விட்டாரா அடுப்பை! சிரித்துவிட்டேன். குட்டியும் சிரித்தாள். வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

படுக்கையில் குறுக்காகப் படுத்துப் பழகிவிட்டேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. நன்றாகத் தூக்கம் வருகிறது.

டிசம்பர் 3, வியாழன்

நல்ல நாள் இல்லை. பிறந்து இரண்டு நாளான பெண் குழந்தை. இரண்டு காதிலும் பதில் இல்லை. மூன்று முறை பார்த்தேன். அப்பாக்காரர் இளவயது, பேக்கரியில் வேலையாம், கை நிறைய மாவு வாசனை. "இப்பவே கண்டுபிடிச்சது நல்லதுதானே மேடம்?" என்று என்னையே கேட்டார். நல்லதுதான். இப்போதே ஆரம்பித்தால் இந்தக் குழந்தை பேசும். அதை அவருக்குச் சொல்ல நான் அங்கே இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை, இவரிடம். போனைக் கையில் எடுத்து வைத்துவிட்டேன்.

டிசம்பர் 4, வெள்ளி

கூப்பிட்டேன். அந்தப் பேக்கரிக்காரரைப் பற்றிச் சொன்னேன். நடுவில் புகாமல் கேட்டார். கடைசியில், "நீ இங்க வராம இருந்தது சரிதான்" என்றார். அவ்வளவுதான். நானும் கேட்டேன், "மூச்சு எப்படி இருக்கு?" இப்போதெல்லாம் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவதில்லையாம். முன்னே எழுந்துகொண்டிருந்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஜனவரி 21, வியாழன்

மாலையில் போன். குட்டிக்கென்று நினைத்துக் கொடுக்கப் போனேன், "இல்ல, உன்கிட்டதான்" என்றார். சீசன் முடிந்துவிட்டதாம், அறைகள் காலி, மொட்டை இரண்டு வாரம் பார்த்துக்கொள்கிறாராம். தொண்டையைச் செருமினார்.

"ஞாயித்துக்கிழமை வரலாமா?"

தன் வீட்டுக்கு வர என்னைக் கேட்கிறார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சட்டென்று வாங்க என்று சொல்லத்தான் வந்தது.

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"நீ சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சரி. யோசி" என்றார். வைத்துவிட்டார்.

குட்டி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். எதிர்வீட்டுக்காரர் பைக்கை உதைத்து உதைத்துப் பார்க்கிறார், கிளம்ப மாட்டேன் என்கிறது.

நாளைக் காலையில் சொல்லலாம். அவசரம் ஒன்றும் இல்லை.